ஒரு கன மீட்டர் மண்ணின் விலை

கனடாவில் வின்னிபெக் நகரைச் சுற்றிக்கொண்டு 47 கி.மீ. நீளத்துக்கு ஒரு வெள்ள வடிகால் ஓடுகிறது. 1950இல் சிவப்பாற்றில் வந்த வெள்ளத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் அந்நகரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. மனிடோபா மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் எதிர்ப்புகளுக்கு நடுவே உறுதியாக நின்றதால், 1962இல் வடிகால் வேலை தொடங்கி 1968இல் முடிந்தது. வெட்டி எடுத்த மண் 7.65 கோடி கன மீட்டர். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1,600 கன மீட்டர். செலவு 6.3 கோடி கனடா டாலர். பாலங்கள், மதகுகள் எல்லாவற்றையும் சேர்த்து மண்ணின் தலையில் ஏற்றினாலும் கன மீட்டருக்கு 82 சென்ட்தான். 1997இல் இதே ஆறு அமெரிக்கப் பக்கத்தில் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரை மூழ்கடித்தது, வின்னிபெக் தப்பியது.

இந்த அளவு வேலையில் கன மீட்டருக்கு ஒரு சென்ட் மிச்சம் பிடித்தால் 7,65,000 டாலர் மிஞ்சும். மண்ணை வெட்டி அள்ளிச் சுமந்து கொட்டும் ஸ்கிரேப்பர் வேலையில் அந்தச் சென்ட் எங்கே மிஞ்சுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று இங்கே கணக்கிட்டுப் பார்க்கிறேன். சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கு அதற்குப் பொருத்தமான இடம். பழைய பனியுக ஏரியின் களிமண் படிந்த சமவெளி அது. வேலைக்கான வண்டிகளும் இந்தப் பக்கத்தில்தான் பிறந்தன. மினசோட்டாவில் ஒரு பண்ணைப் பட்டறையில் ஸ்டைகர் சகோதரர்கள் 1950களின் கடைசியில் தங்கள் முதல் கனரக டிராக்டரைச் செய்தார்கள். அந்தப் பெயர் தாங்கிய வண்டிகள் இன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் தயாராகின்றன. டிராக்டர் இழுக்கும் ஸ்கிரேப்பர்களைச் செய்யும் கே-டெக் நிறுவனம் மனிடோபாவின் ரோசனார்ட் ஊரில் இருக்கிறது.

டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது குதிரைத்திறன். மண் வேலையில் அது மூன்றாவது கேள்வியாக இருக்க வேண்டும். அதற்கு முன் வர வேண்டியவை இரண்டு: எடை, வண்டி ஓடும் பாதை.

கணக்குக்கு எடுத்துக்கொண்ட வண்டி

நடுவில் மடங்கித் திரும்பும் நான்கு சக்கர இயக்க டிராக்டர்: 550 குதிரைத்திறன், அதாவது 410 கிலோவாட். எடை 25 டன். பின்னால் 18 கன கெஜ ஸ்கிரேப்பர் ஒன்று. காலி எடை 10 டன் என்று வைத்துக்கொள்வோம். 18 கன கெஜம் என்பது 13.8 கன மீட்டர். நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்து யூனிட்.

ஸ்கிரேப்பரின் தொட்டியில் நிறைவது உதிரி மண். சாதாரண மண் பூமியில் கெட்டியாக இருக்கும்போது கன மீட்டருக்கு 1,900 கிலோ. வெட்டி அள்ளியதும் 1,510 கிலோ. ஆகவே 13.8 கன மீட்டர் உதிரி மண்ணுக்குப் பூமியில் வெட்டிய அளவு 11 கன மீட்டர்தான். எடை 21 டன். வேலைக்குக் கூலி பெரும்பாலும் கெட்டி மண் அளவில்தான் கிடைக்கும். தொட்டியின் கொள்ளளவை வைத்து விலைப்புள்ளி கொடுப்பவர் முதல் நடையிலேயே 20 சதவீதத்தை இழக்கிறார்.

சுமையோடு மொத்த எடை: 25 + 10 + 21 = 56 டன். காலியாக 35 டன்.

எடைக் கணக்கு

டிராக்டரின் எடையைப் பிடிமான எண்ணால் பெருக்கினால் அது இழுக்கக்கூடிய உச்ச விசை கிடைக்கும். ரப்பர் சக்கரத்துக்குக் காய்ந்த களிமண்ணில் அந்த எண் 0.55; ஈரக் களிமண்ணில் 0.45, காய்ந்த தளர் மணலில் 0.20. நம் 25 டன் வண்டிக்கு:

காய்ந்த களிமண்: 13.75 டன்
ஈரக் களிமண்: 11.25 டன்
தளர் மணல்: 5 டன்

எஞ்சின் திறனில் 70 சதவீதம் கொக்கிக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால் 287 கிலோவாட். 13.75 டன் விசையை அந்தத் திறனால் மணிக்கு 7.7 கி.மீ. வேகம் வரை தர முடியும். அதற்குக் கீழே எஞ்சினிடம் திறன் மிச்சமிருக்கும். சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. ஸ்கிரேப்பர் மண்ணை வெட்டி ஏற்றுவது பெரும்பாலும் இந்த வேகத்துக்குக் கீழேதான். ஆகவே மண் ஏற்றும் இடத்தில் 550 குதிரைத்திறன் வண்டியும் 620 குதிரைத்திறன் வண்டியும் ஒரே எடையில் இருந்தால் ஒரே அளவுதான் இழுக்கும். கூடுதல் 70 குதிரைத்திறன் டயரைத் தேய்க்கத்தான் உதவும்.

எடை போதுமா என்பதைச் சக்கர வழுக்கலே சொல்லிவிடும். 8 முதல் 15 சதவீதம் வரை வழுக்கினால் சரியான அளவு. அதற்கு மேல் போனால் எடை குறைவு. கீழே இருந்தால் தேவையில்லாத இரும்பைச் சுமந்து டீசல் எரிக்கிறோம். ஸ்கிரேப்பரின் கழுத்து பின் அச்சில் அழுத்துவதால், சேர்க்கும் எடையில் முன்பக்கத்துக்குப் பங்கு கூடுதலாக வேண்டும். ஏர் உழும் வண்டியை அப்படியே ஓட்டிவந்து ஸ்கிரேப்பர் மாட்டினால் அச்சும் கொக்கியும் தாங்காது. ஜான் டியர் நிறுவனம் தன் 9 வரிசை டிராக்டர்களில் ஸ்கிரேப்பர் வேலைக்கென்றே தனி வகை விற்பதற்கு இதுதான் காரணம்.

ரப்பர் பட்டையில் ஓடும் வண்டிக்குத் தளர்ந்த மண்ணில் பிடிமானம் அதிகம். சேற்றிலும் மணலிலும் அது வேலையை நிற்கவிடாது. ஆனால் நீண்ட தூரம், கெட்டியான பாதை, அதிக வேகம் என்றால் பட்டை சூடேறும், தேய்மானம் கூடும். குறுகிய தூரமும் ஈரமும் உள்ள இடத்துக்குப் பட்டை; நீண்ட தூரத்துக்கும் கெட்டித் தரைக்கும் சக்கரம்.

செலவில்லாமல் கிடைக்கும் இழுவை ஒன்று உண்டு. ஒரு சதவீதச் சரிவு டன்னுக்கு 10 கிலோ விசை தரும். 5 சதவீத இறக்கத்தில் மண் ஏற்றினால் 56 டன்னுக்கு 2.8 டன் விசை சும்மா கிடைக்கிறது. இது காய்ந்த களிமண்ணில் வண்டி இழுக்கும் உச்ச விசையில் ஐந்தில் ஒரு பங்கு. வெட்டும் திசையைத் திருப்பி வைத்தாலே இந்த லாபம் வரும். அதே சரிவில் சுமையோடு வேகமாக இறங்கினால் 31 டன் ஸ்கிரேப்பர் 25 டன் டிராக்டரைத் தள்ளும். இறக்கத்தில் கியரை இறங்கும் முன்பே குறைத்துவிட வேண்டும். இதில் தவறினால் உயிரே போகும்.

பாதைக் கணக்கு

கெட்டித் தரையில் உருளல் தடை எடையில் 2 சதவீதம். சக்கரம் ஒரு சென்டிமீட்டர் புதைந்தால் 0.6 சதவீதம் கூடும். 2.5 செ.மீ. புதைந்தால் 3.5 சதவீதம், 10 செ.மீ. புதைந்தால் 8 சதவீதம். 56 டன்னுக்கு முதலாவது 1.96 டன், இரண்டாவது 4.48 டன். அதாவது 7.5 செ.மீ. பள்ளம் ஒவ்வொரு நடையிலும் இரண்டரை டன் கூடுதல் விசையைக் கேட்கிறது. அதன் மேல் 5 சதவீத ஏற்றமும் சேர்ந்தால் 7.28 டன், எஞ்சின் திறனில் 80 சதவீதம் சக்கரத்துக்கு வந்தாலும் வேகம் மணிக்கு 16.5 கி.மீ.தான். குதிரைத்திறன் உண்மையில் விலைபோவது இங்கேதான்: அதே இடத்தில் 620 குதிரைத்திறன் வண்டி 18.6 கி.மீ. போகும்.

400 மீட்டர் தூரத்துக்கு ஒரு நடையின் நேரம், மணிக்கு 50 நிமிட உண்மை வேலை என்று கொண்டு:

நல்ல பாதை: ஏற்ற 1.2 நிமிடம், போக 1.2, கொட்டித் திரும்ப 1.0, காலியாக வர 1.0. மொத்தம் 4.4 நிமிடம். மணிக்கு 125 கன மீட்டர்.

பள்ளம் விழுந்த பாதை: போக 2.0, வர 1.5, மற்றவை அதே. மொத்தம் 5.7 நிமிடம். மணிக்கு 96 கன மீட்டர்.

டீசலும் அப்படியே. சராசரி 60 சதவீதச் சுமையில், கிலோவாட் மணிக்குக் கால் லிட்டர் வீதம், நல்ல பாதையில் மணிக்கு 62 லிட்டர். கெட்ட பாதையில் 70 சதவீதச் சுமையில் 72 லிட்டர். கன மீட்டருக்கு அரை லிட்டர் முக்கால் லிட்டராகிறது. வின்னிபெக் வடிகாலின் அளவுக்கு இந்தக் கால் லிட்டரைப் பெருக்கினால் 1.9 கோடி லிட்டர்.

பணக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. அவரவர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்கிடும் முறை மாறாது. டிராக்டர் 6,00,000 டாலர். 8,000 மணி ஓடியபின் 2,50,000க்கு விற்பனை. ஸ்கிரேப்பர் 1,50,000, விற்பனை 50,000. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள சராசரியின் மேல் வட்டி 7 சதவீதம். ஆண்டுக்கு 1,000 மணி வேலை.

மணிக்குச் செலவு:
டிராக்டர் தேய்மானம்: 43.75 டாலர்
ஸ்கிரேப்பர் தேய்மானம்: 12.50
வட்டி: 36.75
டீசல், லிட்டர் ஒரு டாலர் வீதம்: 62
ஓட்டுநர் கூலி: 35
டயர், வெட்டுப் பிளேடு, பழுது: 30
மொத்தம்: 220 டாலர்

நல்ல பாதையில் கன மீட்டருக்கு 1.76 டாலர். கெட்ட பாதையில் டீசல் 10 டாலர் கூடி, அளவு குறைந்து, 2.40 டாலர். வித்தியாசம் 64 சென்ட். பாதை கெட்டதால் கூடும் பழுதுச் செலவை இதில் சேர்க்கவே இல்லை.

ஆண்டுக்கு 1,000 மணிக்குப் பதில் 500 மணி மட்டும் வேலை கிடைத்தால் வட்டி மட்டுமே மணிக்கு 73.50 ஆகும், கன மீட்டர் 2.05 டாலருக்கு ஏறும். பனி உறையும் நாட்டில் வேலைக்காலம் குறுகியது. வண்டியைப் பெரிதாக வாங்குவதற்கு முன் அதற்கு எத்தனை மணி வேலை இருக்கிறது என்று எண்ண வேண்டும்.

இரண்டாவது ஸ்கிரேப்பர்

ஒரு டிராக்டரின் பின்னால் இரண்டு ஸ்கிரேப்பர்களை வரிசையாக மாட்டுவதும் உண்டு. ஒரு நடைக்கு 22 கன மீட்டர் கிடைக்கும். மணிச் செலவு சுமார் 258 டாலர். ஏற்றவும் கொட்டவும் நேரம் கூடும், வேகம் கொஞ்சம் குறையும். நல்ல பாதையில் கன மீட்டருக்கு:

400 மீட்டர்: ஒன்று 1.76, இரண்டு 1.54 டாலர்
1,000 மீட்டர்: ஒன்று 3.06, இரண்டு 2.41 டாலர்

தூரம் கூடக் கூட இரண்டாவதன் லாபம் 12 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகிறது. ஆனால் சுமையோடு மொத்த எடை 87 டன். 10 செ.மீ. பள்ளமும் 5 சதவீத ஏற்றமும் சேர்ந்தால் தேவைப்படும் விசை 11.3 டன். ஈரக் களிமண்ணில் நம் வண்டியின் உச்ச இழுவை 11.25 டன். மழை பெய்த மறுநாள் ஏற்றத்தின் நடுவே வண்டி நின்றுவிடும். இரண்டாவது ஸ்கிரேப்பரை வாங்கும் முன் மேட்டைக் குறைத்து, பள்ளத்தை நிரவ வேண்டும்.

கிரேடரின் பங்கு

பாதையை நிரவ ஒரு கிரேடரும் ஓட்டுநரும் மணிக்கு 130 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வண்டிகள் ஓடும் இடத்தில் நல்ல பாதை மணிக்கு 500 கன மீட்டர் தரும். கன மீட்டருக்கு 64 சென்ட் வீதம் 320 டாலர் மிச்சம். கிரேடர் தன் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் திருப்பித் தருகிறது. ஒரே வண்டி என்றால் மிச்சம் மணிக்கு 80 டாலர். நாள் முழுக்கக் கிரேடர் கட்டுப்படியாகாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் செலவு 130, மிச்சம் 320. அப்போதும் லாபம்தான்.

இத்தனை கணக்கிலும் 550 குதிரைத்திறனை 620 ஆக்கியதால் இந்த அளவு மிச்சம் எங்கும் வரவில்லை. ஆகவே பணம் போடும் வரிசை இது: முதலில் பாதை, அடுத்து எடையும் டயரும், தூரம் இருந்தால் இரண்டாவது ஸ்கிரேப்பர், ஏற்றம் குறைக்கவே முடியாத இடத்தில் மட்டும் பெரிய எஞ்சின். ஒவ்வொரு வாரமும் எரித்த டீசலையும் வெட்டிய கெட்டி மண்ணையும் அருகருகே எழுதிவந்தால், அரை லிட்டர் முக்கால் லிட்டராக மாறும் வாரத்திலேயே தெரிந்துவிடும். அந்த வாரமே கிரேடரை அனுப்ப வேண்டும்.