கிழித்த ஓலையும் மூல ஓலையும்

கலியாணப் பந்தலுக்குள் புகுந்து வழக்குத் தொடுத்த கிழவரை உங்களுக்குத் தெரியாமலிருக்காது. பாட்டி சொல்லியோ, கோயில் பிரசங்கத்திலோ கேட்டிருப்பீர்கள். இருந்தாலும் இன்னொரு தரம் கேளுங்கள். அந்தக் கிழவருடைய வழக்கை வைத்துக்கொண்டு, கடல் தாண்டியுள்ள ஒரு தேசத்தின் வழக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புத்தூரில் சடங்கவி சிவாச்சாரியார் வீட்டில் விவாகம். மாப்பிள்ளை திருநாவலூர் நம்பி ஆரூரர். மேளம் முழங்குகிறது. அந்தச் சமயம் பார்த்துக் குடையும் தடியுமாக ஒரு கிழப் பிராமணர் உள்ளே வந்து, "இந்தப் பிள்ளை எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். மாப்பிள்ளை முதலில் சிரிக்கிறார். பிறகு கோபம் வந்து, கிழவரைத் துரத்திப் பிடித்து, ஓலையைப் பறித்துக் கிழித்தே போட்டு விடுகிறார். கிழவர் அசரவில்லை. "என் ஊர் திருவெண்ணெய்நல்லூர். அங்கே சபையில் பேசிக் கொள்ளலாம், வா" என்கிறார்.

இந்தத் திருவெண்ணெய்நல்லூர் இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் 'திருவெண்ணெய்நல்லூர் ரோடு' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. அந்த 'ரோடு' என்ற வார்த்தையைக் கவனிக்காமல் இறங்கி, ஊர் எங்கே என்று தேடுபவர்கள் உண்டு! கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊரும் இதுதான். கிருபாபுரீசுவரர் கோயில் முன்புறத்தில் 'வழக்கு வென்ற அம்பலம்' என்று ஒரு மண்டபத்தைக் காட்டுவார்கள்.

சபையார் வழக்கை விசாரித்த முறையைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் வெகு நுட்பமாகச் சொல்லியிருக்கிறார். "ஆட்சி உண்டா, ஆவணம் உண்டா, அயலார் காட்சி உண்டா? மூன்றில் ஒன்றைக் காட்டும்" என்று கேட்கிறார்கள். ஆட்சி என்றால் நெடுங்கால நடப்பு. ஆவணம் என்றால் எழுத்து. அயலார் காட்சி என்றால் பக்கத்திலிருப்பவர் சாட்சி. கிழவர் நிதானமாகச் சொல்கிறார்: "இவன் கிழித்தது படி ஓலை. மூல ஓலை என் கையில் பத்திரமாக இருக்கிறது." சபையார் விடவில்லை. நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்புப் பார்க்கிறார்கள். ஒத்துப் போகிறது. பேரன் தோற்றான் என்று தீர்ப்பாகிறது. அதற்குப் பிறகு நடந்த அற்புதம் உங்களுக்குத் தெரியும். நமக்கு இங்கே வேண்டியது வழக்கு வரைக்கும்தான்.

பாட்டன் கையெழுத்துக்குப் பேரன் பொறுப்பா? நம் வீட்டிலேயே பாருங்களேன். மாமியார் கையிலிருந்த சாவிக் கொத்து மருமகள் கைக்கு வருகிறது. மறுநாளே மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டை நீட்டுகிறார். "அதெல்லாம் அத்தை காலத்துப் பாக்கி. எனக்கென்ன தெரியும்?" என்று மருமகள் சொல்லிவிட்டால், அன்றைக்கு வாதத்தில் ஜயித்த மாதிரிதான் இருக்கும். அடுத்த மாதம் துவரம் பருப்பு கடனாக வராது, அவ்வளவுதான். தேசங்களின் கதையும் இதேதான். ஆட்சி மாறும், ராஜினாமாக்கள் நடக்கும், ஜனாதிபதி இரவோடு இரவாக விமானம் ஏறியும் போவார். ஆனால் பற்று நோட்டில் எழுதியிருப்பது ஆளுடைய பெயரல்ல, வீட்டின் பெயர்.

இலங்கையைத்தான் சொல்கிறேன்.

2022-ஆம் வருஷம் அங்கே நடந்த அமளியைப் பத்திரிகைகளில் படித்தீர்கள். ஆனால் ஓலையைக் கிழிக்கும் பழக்கம் அதற்கு முன்பே ஆரம்பித்து விட்டது. கொழும்புக்கு இலகு ரயில் போட ஜப்பானோடு செய்துகொண்ட கடன் ஏற்பாட்டை 2020 செப்டம்பரில் புது ஆட்சி ரத்துச் செய்தது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான் இரண்டோடும் சேர்ந்து நடத்துவதாக 2019-ல் எழுதிக் கொண்டதை 2021 பிப்ரவரியில் கைவிட்டது. ஐ.நா. மனித உரிமைக் குழுவில் 2015-ல் தானே முன்னின்று ஏற்றுக்கொண்ட தீர்மானத்திலிருந்து 2020-ல் விலகிக் கொண்டது. "அது போன சர்க்கார் போட்ட கையெழுத்து" என்பதுதான் சொல்லாமல் சொன்ன காரணம்.

2019 கடைசியில் வரிகளை ஒரேயடியாகக் குறைத்தார்கள். 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 8 ஆயிற்று. கொரோனா வந்து உல்லாசப் பயணிகளின் பணம் நின்றது. 2021-ல் ரசாயன உரம் கூடாதென்று திடீர்த் தடை. வயல் காய்ந்த பிறகு அந்தத் தடையை எடுத்தார்கள். 2022 மார்ச் மாதம் 400 கிராம் பால் மாவுப் பொட்டலம் ஒரே தாவலில் 250 ரூபாய் ஏறி 790 ரூபாய் ஆனது. காகிதம் இல்லாமல் பள்ளிக்கூடப் பரீட்சை தள்ளிப்போயிற்று. அந்த மாதமே தனுஷ்கோடிக் கரையில் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து இறங்கின. யுத்த காலத்தில் ஓடி வந்தவர்களைப் பார்த்திருந்த ராமேசுவரத்துக்காரர்கள், இந்தத் தடவை அடுப்பெரியாமல் ஓடி வந்தவர்களைப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களுக்குத் தவணை கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அறிவித்தது. மே மாதத்தில் 7 கோடி 80 லட்சம் டாலர் வட்டிக்கான கெடு தீர்ந்தது. சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து அதுவரை அந்தத் தேசம் வெளிநாட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. மொத்த வெளிநாட்டுக் கடன் சுமார் 5,100 கோடி டாலர். கையில் எடுத்துச் செலவழிக்கக் கூடியது 5 கோடிக்கும் குறைவு என்று நிதி மந்திரியே சொன்னார். ஜூலை 9-ல் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். 13-ல் கோத்தபாய ராஜபக்ஷ மாலத்தீவுக்குப் பறந்தார், மறுநாள் ராஜினாமா.

இனி இந்த நாட்டை எவன் நம்புவான் என்றுதான் அன்று பேச்சு. மீண்டும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை திரும்பி வந்த விதம்தான் விசேஷம்.

அந்த ஆண்டில் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனாகவும் தவணைச் சலுகையாகவும் இந்தியா கைகொடுத்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 டன் அரிசியும் 500 டன் பால் மாவும் மருந்துகளும் தருவதாகச் சொல்லி, மே மாதம் சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. ஆனால் பசிக்குக் கொடுப்பது வேறு, நம்பிக் கொடுப்பது வேறு. சர்வதேச நாணய நிதியம், "கடன் கொடுத்தவர்கள் விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றது. அயலார் காட்சி கேட்டது! 2023 ஜனவரியில் முதல் கடிதம் கொடுத்தது இந்தியா. மார்ச் 20-ல் நிதியம் சுமார் 300 கோடி டாலரை நான்கு வருஷத்தில் பகுதி பகுதியாகத் தரச் சம்மதித்தது.

கடன் கொடுத்த தேசங்கள் கூடிப் பேசக் குழு அமைத்தபோது அதற்குத் தலைமை வகித்தவர்கள் யார் தெரியுமா? பிரான்ஸ், ஜப்பான், இந்தியா! யாருடைய ஓலையைக் கிழித்தார்களோ, அவர்கள் இருவரும் சபையிலே அமர்ந்திருந்தார்கள். 2024 ஜூன் 26-ல் அந்தக் குழுவோடு உடன்படிக்கை முடிந்தது. அடுத்த மாதமே, நிறுத்தி வைத்திருந்த 11 திட்டங்களுக்கான கடனை ஜப்பான் மறுபடி திறந்துவிட்டது.

இந்தக் கதையில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதே ஆண்டு செப்டம்பர் மாதம். தனியார் கையிலுள்ள கடன் பத்திரங்கள் சுமார் 1,255 கோடி டாலர். அவற்றைப் பற்றி ரணில் விக்கிரமசிங்க ஆட்சி 19-ஆம் தேதி பூர்வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. 21-ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தல்! ஜயித்தவர் அநுர குமார திசாநாயக்க. அவருடைய கட்சி 1987-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி. இந்தியச் சாமான்களை வாங்காதீர்கள் என்று கட்டளை போட்ட கட்சி. தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு தோற்கப் போகிறவர் போட்ட கையெழுத்து என்று அவர் அதைக் கிழித்திருந்தால் மேடையில் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் கிழிக்கவில்லை. அக்டோபரில் அதை ஏற்றுக்கொண்டார். டிசம்பரில் பழைய பத்திரங்களைக் கொடுத்துப் புதிய பத்திரங்களை மாற்றிக் கொண்டார்கள். அசலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் தள்ளுபடி. நாடு செழித்தால் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. அதே மாதம் முதல் வெளிநாட்டுப் பயணமாக அவர் வந்தது டில்லிக்கு!

இதற்கெல்லாம் விலை கொடுத்தது யார் என்று கேட்பீர்கள். கொடுத்தது அடுப்படிதான். மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம். குறைத்த வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாகத் திரும்பி வந்தது. வாக்குத் தவறியவர்கள் மாளிகையில் இருந்தவர்கள். வாக்கைக் காப்பாற்றியவர்கள் அரிசிக்கும் விளக்குக்கும் கணக்குப் பார்த்த பெண்கள். இது நியாயமா என்றால், இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

நமக்கும் ஒரு காலத்தில் இந்த நிலைமை வந்ததுண்டு. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்டார். தேர்தல் நடுவே தேசம் தடுமாறியது; கஜானாவில் சில வார இறக்குமதிக்கே டாலர் இருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அடகாக அனுப்பி 40 கோடி டாலர் வாங்கியது. பீரோவைத் திறந்து வளையலைக் கழற்றிக் கொடுத்துத் தவணை கட்டுவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்த நரசிம்ம ராவ் சர்க்கார், முந்தியவர்கள் வாங்கிய கடன் என்று ஒதுங்கவில்லை. ஜெர்மனியில், ஹிட்லர் ஆட்சிக்கு முந்தின கடனைக்கூடத் தன் கடன் என்று அடினோவர் ஒப்புக்கொண்டார். 1953-ல் லண்டனில் பாதிக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். மிச்சத்தின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010-ல்! ரஷ்யாவின் கதை நேர் எதிர். ஜார் வாங்கிய கடனெல்லாம் செல்லாது என்று 1918-ல் அறிவித்தார்கள். 1996-ல் மறுபடி ஐரோப்பாவில் கடன் பத்திரம் விற்கக் கிளம்பியபோது, பிரான்சுக்கு 40 கோடி டாலர் தர வேண்டியதாயிற்று. பாட்டனார் வாங்கிய பத்திரத்தைப் பெட்டியிலே வைத்திருந்த பேரன்மார்கள் அங்கே இருந்தார்கள்.

ஆக, கடன் கொடுத்தவனுடைய நம்பிக்கை திரும்பி வருகிறது. இலங்கைக்கு இரண்டரை வருஷத்தில் வந்துவிட்டது, முழுசாக இல்லாவிட்டாலும். ஆனால் உலகத்தார் இலங்கையின் கையில் பார்க்கிற ஓலை அது ஒன்றுதானா?

1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வாவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தமிழ்ப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் தருவதாக அதில் எழுதியிருந்தது. 1958 ஏப்ரலில் பிக்ஷுக்கள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்; அன்றே அது ரத்தாயிற்று. 1965-ல் டட்லி சேனநாயக்காவோடு இன்னோர் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கையெழுத்திட்டதன் பேரில் அரசியல் சட்டத்தில் 13-வது திருத்தம் வந்தது, மாகாண சபைகள் வந்தன. நிலமும் போலீசும் மாகாணத்தின் கைக்கு வருமென்று எழுதியிருந்தது, வரவில்லை. வட மாகாண சபைக்கு 2013-ல் முதல் தேர்தல் நடந்து, 2018-ல் அதன் காலம் முடிந்தது.

இங்கேதான் சபையார் கேட்ட முதல் கேள்வி நினைவுக்கு வருகிறது. ஆவணம் இருக்கிறது, அயலாராகிய நாமே சாட்சி. ஆட்சி எங்கே? எழுதியபடி நடந்த நடப்பு எங்கே? கடன் பத்திரம் வைத்திருப்பவன் கோர்ட்டுக்குப் போவான், அடுத்த கடனைத் தர மாட்டான்; அதனால் அவனுடைய ஓலைக்கு மரியாதை. யாழ்ப்பாணத்தில் காணாமற்போன பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரத்தில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் அப்படி என்ன பிடி இருக்கிறது? யுத்தத்தின் கடைசி நாட்களில் ராணுவத்திடம் பிள்ளையை ஒப்படைத்தவர்கள் அந்தத் தாய்மார்களில் இருக்கிறார்கள். கொழும்பு விலகிக் கொண்ட மறு வருஷம், 2021 மார்ச்சில், சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாத்து வைக்கும்படி ஐ.நா. மனித உரிமைக் குழு தீர்மானித்தது. கிழித்தது படி ஓலை. மூல ஓலை ஜினீவாவில் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு அந்த ஜனங்கள் ஒரு காரியம் செய்தார்கள். 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3-ஐத் திசாநாயக்கவின் அணிக்குக் கொடுத்தார்கள். தெற்கத்திக் கட்சி ஒன்றுக்கு அங்கே இது நேர்ந்ததில்லை. ஈடு கேட்காமல் கொடுத்த கைமாற்று அது. மாகாண சபைத் தேர்தலை ஒரு வருஷத்துக்குள் நடத்துவதாக அந்த அணி தன் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. வடக்கில் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மறுபடியும் முதலிடத்துக்கு வந்துவிட்டது. மாகாண சபைத் தேர்தல் அந்த ஆண்டு முடியும்வரை நடக்கவில்லை.