வேகத்தில் இருக்கிறது வினை

ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மெத்தில்பெனிடேட், ஆம்ஃபெட்டமைன் மாத்திரைகளை அமெரிக்கா 1971 முதல் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. கோகெய்ன் இருப்பதும் அதே பட்டியலில்தான். இதைக் கேட்டு மிரண்டு பிள்ளையின் மருந்தை நிறுத்தும் பெற்றோரும் உண்டு. 'டாக்டர் கொடுக்கிற மாத்திரைதானே' என்று தேர்வுக்கு முந்தைய இரவு நண்பனிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாணவரும் உண்டு. மருந்து எவ்வளவு, எந்த வேகத்தில் மூளைக்குப் போகிறது என்பதை இருவருமே கேட்பதில்லை. அடிமைத்தனத்தின் அபாயம் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

மூளையில் சுரக்கும் டோபமைன், வேலை முடிந்ததும் நரம்பணுவுக்குள் திரும்ப உறிஞ்சப்படும். மெத்தில்பெனிடேட் அந்த வழியை அடைக்கிறது. கோகெய்னும் அதையே செய்கிறது. ஆனால் மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழுவினர் 1990களில் நடத்திய மூளை ஸ்கேன் ஆய்வுகளில், மெத்தில்பெனிடேட்டை ஊசியில் ஏற்றியபோது பத்து நிமிடத்துக்குள் மூளையில் உச்சத்தைத் தொட்டது. விழுங்கியபோது ஒரு மணி நேரத்துக்கு மேலானது. டோபமைன் மெல்ல ஏறினால் கவனம் கூடும். சட்டென்று எகிறினால் போதை. மாத்திரையைப் பொடித்து மூக்கில் இழுப்பவர்கள் தேடுவது இந்த வேகத்தைத்தான். அதற்கு அணைபோடும் மருந்தும் வந்திருக்கிறது: 2007இல் அனுமதி பெற்ற லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமைன், ரத்தச் சிவப்பணுக்களில் பிளவுபட்ட பிறகே வேலையைத் தொடங்கும். கைநிறைய அள்ளி விழுங்குபவரை மட்டும் எந்த வடிவமைப்பும் தடுத்துவிடாது.

சிறுவயதிலேயே இம்மருந்துகளைக் கொடுத்தால் பிற்காலத்தில் போதைக்கு வழி திறந்துவிடாதா? நியாயமான அச்சம். ஆனால் பதினைந்து நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான அலசலில், மருந்து உட்கொண்ட ஏடிஹெச்டி குழந்தைகளுக்குப் பின்னாளில் போதைப்பழக்கம் கூடவுமில்லை, குறையவுமில்லை. அப்படியானால் இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்டால், 2015-16 அமெரிக்கக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது: ஓராண்டில் இம்மருந்துகளைப் பயன்படுத்திய பெரியவர்கள் சுமார் 1.6 கோடி, முறைகேடாகப் பயன்படுத்தியவர்கள் 50 லட்சம், பயன்பாட்டுக் கோளாறுக்கே ஆளானவர்கள் 4 லட்சம். முறைகேட்டுக்கு அவர்கள் அதிகம் சொன்ன காரணம் கிளர்ச்சியல்ல, விழிப்பும் கவனமும்! கெடுபிடி ஏன் என்பதை ஜப்பானும் காட்டியது: அங்கே ரிட்டாலின் என்ற பெயரில் வந்த மெத்தில்பெனிடேட்டை மனச்சோர்வுக்கும் எழுதித் தந்தார்கள். முறைகேடு பெருகவே 2007இல் அந்த அனுமதி ரத்தாயிற்று.

மருந்துச் சீட்டு உங்கள் பெயரில் இருந்தால் சொன்ன அளவில் விழுங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மீந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள், தேர்வு எழுதும் சொந்தத் தம்பிக்கும்கூட.