தலையில் அணியும் ஒலிவாங்கி

தலையில் அணியும் ஒலிவாங்கி என்பது மெல்லிய சட்டம் ஒன்றின் உதவியால் காதுகளில் மாட்டப்பட்டு, வாயின் ஓரத்தில் நிலையாக நிற்கும் சிறிய ஒலிவாங்கி ஆகும். பேச்சு வழக்கில் இது ஹெட்செட் மைக் எனப்படுகிறது. ஆடிக்கொண்டே பாடுபவர்கள், பாடியபடி டிரம்ஸ் அல்லது கீபோர்டு வாசிப்பவர்கள், நாடக நடிகர்கள், உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் எனக் கைகளுக்கு வேறு வேலை உள்ளவர்கள் இதைப் பயன்படுத்துகின்றனர்.

கையில் பிடிக்கும் ஒலிவாங்கியுடன் ஒப்பிடும்போது இதன் தனித்தன்மை, தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரம் மாறாது என்பதாகும். அதை அணியும் முறை, ஒலி அளவை அமைக்கும் முறை, பராமரிக்கும் முறை ஆகிய அனைத்தும் இந்தத் தூரத்தைக் காப்பதையே நோக்கமாகக் கொண்டவை.

வரலாறு

தலையில் அணியும் ஒலிவாங்கிகள் தொலைபேசி இணைப்பகப் பணியாளர்களாலும் வானூர்தி ஓட்டிகளாலும் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டவை. அவற்றின் நோக்கம் பேச்சு புரிவது மட்டுமே. பாடலுக்குத் தேவையான ஒலித்தரம் அவற்றில் இல்லை.

இசை மேடையில் இதன் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது பிரித்தானியப் பாடகி கேட் புஷ் 1979-இல் நடத்திய இசைச் சுற்றுப்பயணம் பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. நடனமாடிக்கொண்டே பாட வேண்டியிருந்ததால், சட்டை மாட்டும் கம்பியை வளைத்து அதன் முனையில் சிறிய ஒலிவாங்கியைப் பொருத்தி அவருடைய ஒலிக் குழுவினர் பயன்படுத்தினர். 1990-இல் அமெரிக்கப் பாடகி மடோனா தம் உலகச் சுற்றுப்பயணத்தில் இவ்வகை ஒலிவாங்கியை அணிந்து பாடியது இதைப் பரவலாக அறியச் செய்தது. இன்றும் பலர் இதை ‘மடோனா மைக்’ என்றே அழைக்கின்றனர்.

வகைகள்

ஒலியை மின்குறிப்பாக மாற்றும் முறையைக் கொண்டு இவை இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன. டைனமிக் வகையில், ஒலி அலை பட்டு அதிரும் சுருள் காந்தப்புலத்தில் அசைவதால் மின்னழுத்தம் உண்டாகிறது. இது உறுதியானது, மின்வழங்கல் தேவையில்லை, ஆனால் அளவில் பெரியது. கண்டன்சர் வகை மிகச் சிறியதாகவும் நுட்பமான ஒலிகளைப் பதிவு செய்வதாகவும் இருக்கும். இதற்குச் சிறிய அளவு மின்சாரம் தேவை. கம்பியில்லா அமைப்பில் இடுப்பில் அணியும் அனுப்பியும், கம்பி வழி இணைப்பில் உரிய மாற்றியின் மூலம் மிக்சரின் 48 வோல்ட் மின்வழங்கலும் அதை அளிக்கின்றன. இன்று மேடைகளில் மிகுதியாகக் காணப்படுவது கண்டன்சர் வகையே.

திசைப்பண்பைக் கொண்டும் இரு வகைகள் உள்ளன.

அனைத்துத்திசை வகை எல்லாப் பக்கத்து ஒலியையும் ஏறக்குறைய சமமாக வாங்கும். மூச்சுக்காற்றின் பாதிப்பு இதில் குறைவு. சற்று இடம் மாறினாலும் குரலின் தன்மை பெரிதாக மாறாது. நாடகங்களுக்கும், மேடை ஒலி குறைவாக உள்ள நிகழ்ச்சிகளுக்கும் இது ஏற்றது.

ஒருதிசை வகை, அதாவது கார்டியாய்டு, முன்பக்க ஒலியை மிகுதியாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் வாங்கும். டிரம்ஸ், கிட்டார் ஒலிபெருக்கி, தரையில் வைக்கப்படும் மானிட்டர் ஆகியவற்றின் இரைச்சல் நிறைந்த மேடைக்கு இது பொருந்தும். ஆனால் இதன் முகப்பு வாயை நோக்கியே இருக்க வேண்டும். சட்டம் சற்றே முறுக்கிக்கொண்டாலும் குரல் மெலிந்துவிடும். வாய்க்கு மிக அருகில் வந்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் மிகைப்பட்டுக் குரல் கனத்துக் கேட்கும். இது அண்மை விளைவு எனப்படுகிறது.

தூரத்தின் முக்கியத்துவம்

ஒலி மூலத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் ஒலி அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள தாங்கி ஒலிவாங்கியிலிருந்து பாடகர் 2 சென்டிமீட்டர் பின்வாங்கினால் குறைவது அரை டெசிபல் அளவே. அதை எவரும் உணரமாட்டார்கள். வாயிலிருந்து 2 சென்டிமீட்டரில் உள்ள ஒலிவாங்கி அதே 2 சென்டிமீட்டர் நழுவினால் இழப்பு ஏறத்தாழ 6 டெசிபல். அதாவது ஒலியழுத்தம் பாதியாகிவிடும்.

இதை ஈடுகட்ட ஒலிப்பொறியாளர் அளவைக் கூட்டினால், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து ஊளையிடத் தொடங்கும். ஃபீட்பேக் எனப்படும் இந்த ஒலிப்பின்னூட்டம் நேரடி நிகழ்ச்சிகளில் அடிக்கடி ஏற்படும் சிக்கல். அதற்கான காரணம் சில வேளைகளில் மிக்சரில் இருக்காது. கன்னத்தில் தளர்ந்துபோன சட்டத்தில் இருக்கும்.

அணியும் முறை

முதலில் சட்டத்தைத் தலையின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். தலையை வேகமாக ஆட்டினாலும் நகராத அளவுக்கு இறுக்கமாகவும், இரண்டு மணி நேரம் அணிந்தாலும் காதுக்குப் பின்னால் வலிக்காத அளவுக்குத் தளர்வாகவும் அது இருக்க வேண்டும். ஒற்றைக் காதில் மாட்டும் வகையைவிட இரு காதுகளிலும் மாட்டும் வகை ஆடுபவர்களுக்குப் பாதுகாப்பானது.

அடுத்து, ஒலிவாங்கியைத் தாங்கும் தண்டை வளைத்து, அதன் முனையை வாயின் ஓரத்திற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். உதடுகளுக்கு நேர் எதிரே வைக்கக் கூடாது. அங்கே வைத்தால் ‘ப’ போன்ற வெடிப்பொலிகளை அழுத்தி உச்சரிக்கும்போது வெளிப்படும் காற்று ஒலிவாங்கியில் மோதி ‘டப்’ என்ற ஓசை எழும். மூக்கிலிருந்து வரும் மூச்சுக்காற்றின் பாதையிலும் அது இருக்கக் கூடாது. அனைத்துத்திசை வகையைக் கன்னத்தின் மீது இன்னும் சற்றுப் பின்னால் வைக்கலாம். முனை தோலைத் தொட்டால் உரசல் ஓசை வரும். தாடி உள்ளவர்களுக்கு இது கூடுதல் கவனம் தேவைப்படும் இடம். முனையில் பொருத்தப்படும் சிறிய பஞ்சு உறை காற்று மோதுவதைக் குறைக்கும்.

வடத்தைக் காதுக்குப் பின்னால் கொண்டு சென்று, கழுத்தின் பின்புறம் மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்டுவது வழக்கம். ஒட்டும் இடத்திற்கு மேலே சிறிது வடத்தைத் தளர்வாக விட வேண்டும். இல்லாவிட்டால் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வடம் இழுபட்டு, ஒலிவாங்கி வாயை விட்டு நகரும். தோடு, ஜிமிக்கி, கழுத்தணி ஆகியவை தண்டிலோ வடத்திலோ மோதி ஓசை எழுப்பும் என்பதால், ஒலிச் சோதனையின்போதே அவற்றை அணிந்து பார்ப்பது நல்லது.

அனுப்பியை இணைத்தல்

கம்பியில்லா அமைப்பில் ஒலிவாங்கியின் வடம் இடுப்பில் செருகப்படும் அனுப்பியுடன் இணைகிறது. இணைப்பு முனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஷுர் அனுப்பிகளில் நான்கு முள் கொண்ட சிறிய முனையும், ஏகேஜி அனுப்பிகளில் மூன்று முள் முனையும், சென்ஹைசரின் பல அனுப்பிகளில் திருகிப் பூட்டும் 3.5 மில்லிமீட்டர் முனையும் உள்ளன. எனவே ஒலிவாங்கியைத் தனியாக வாங்கும்போது கையில் உள்ள அனுப்பிக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

அனுப்பியின் ஆன்டெனாவை மடிக்கவோ சுருட்டவோ கூடாது. மனித உடலில் உள்ள நீர் ரேடியோ அலைகளை உறிஞ்சும் என்பதால், ஆன்டெனா தோலோடு ஒட்டாமல் இருக்க வேண்டும். ஒரே மேடையில் பல அமைப்புகள் இயங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி அதிர்வெண் ஒதுக்கப்பட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் கருவிகள், வைஃபையும் அதே பட்டையைப் பயன்படுத்துவதால், அரங்கில் கூட்டம் நிறைந்த பிறகு இடையூறுக்கு உள்ளாகலாம். காலியான அரங்கில் நடந்த சோதனை மட்டும் இதற்குப் போதாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய அல்லது முழுமையாக மின்னேற்றப்பட்ட மின்கலங்களைப் போடுவது தொழில்முறை வழக்கம்.

ஒலி அளவை அமைத்தல்

அளவு அமைப்பதில் முதல் நிலை அனுப்பியிலேயே உள்ளது. அங்கே குரல் சிதைந்தால், அதை மிக்சரில் சரிசெய்ய இயலாது. பாடகர் “ஹலோ, செக்” என்று பேசுவதைக் கொண்டு அளவை அமைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. நிகழ்ச்சியிலேயே மிக உச்சமான வரியை முழுக் குரலில் பாடச் செய்து, அப்போதும் சிதைவைக் காட்டும் விளக்கு எரியாதவாறு அமைக்க வேண்டும்.

மிக்சரில் பொதுவாகச் செய்யப்படுபவை:

• ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அதிர்வெண்களை வடிகட்டுதல். காலடி அதிர்வும் மூச்சுக்காற்றின் ஓசையும் இதனால் குறையும்.
• ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கூர்மையாகக் கேட்டால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றுக் குறைத்தல்.
• ஊளையிடும் அதிர்வெண்ணைக் கண்டறிந்து, அந்தக் குறுகிய பகுதியை மட்டும் குறைத்தல். அகலமாகக் குறைத்தால் குரலின் இயல்பும் போய்விடும்.
• கம்ப்ரசர் மூலம் உரத்த பகுதிகளை மட்டுப்படுத்துதல். மிகையாகப் பயன்படுத்தினால் மூச்சொலியும் மேடை இரைச்சலும் மேலெழும்.

பாடகர் நிற்கும் இடம் முதன்மை ஒலிபெருக்கிகளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒலிவாங்கி தலையிலேயே இருப்பதால், அவர் எங்கே நடந்தாலும் அதுவும் உடன் செல்லும். ஒலிபெருக்கிகளுக்கு முன்னால் இறங்கி ரசிகர்களிடையே செல்லும் காட்சி இருந்தால் அதை ஒத்திகையில் நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பாடும் முறையில் மாற்றம்

கையில் ஒலிவாங்கி பிடித்துப் பாடிப் பழகியவர்கள், உச்ச ஸ்தாயியில் அதை விலக்கியும் மெல்லிய சொற்களுக்கு அருகில் கொண்டுவந்தும் தம் குரலின் அளவைத் தாமே சீர்செய்கின்றனர். தலையில் அணியும் ஒலிவாங்கியில் இந்தக் கட்டுப்பாடு பாடகரிடமிருந்து போய்விடுகிறது. அதன் ஒரு பகுதியைத் தம் குரலாலேயே அவர் செய்ய வேண்டும். மறு பகுதியை ஒலிப்பொறியாளர் ஃபேடரால் செய்ய வேண்டும். ஆகவே எந்த வரி மெல்லியது, எந்த வரி உரத்தது என்று பொறியாளர் அறிந்திருப்பது அவசியம்.

ஒலிவாங்கியை வாயை விட்டு விலக்க முடியாததால் இருமல், பெருமூச்சு, சக கலைஞரிடம் சொல்லும் சொல் ஆகிய எல்லாமே அரங்கில் கேட்கும். பாடாத இடங்களில் ஒலியை நிறுத்துவதும், அடுத்த வரிக்குச் சற்று முன்பே திறப்பதும் பொறியாளரின் பொறுப்பு. இதற்குப் பாடல் வரிசைப் பட்டியலும் நாடகமாயின் வசனப் பிரதியும் அவர் கையில் இருக்க வேண்டும்.

இரு நடிகர்கள் மிக நெருங்கி நின்று பாடும்போது ஒருவர் குரல் இருவரின் ஒலிவாங்கியிலும் சிறிய நேர வேறுபாட்டுடன் பதிவாகும். இரண்டும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக் குரல் உட்குழிந்து கேட்கும். அத்தகைய காட்சிகளில், பாடுபவரின் ஒலிவாங்கியை மட்டும் திறந்து வைப்பது நல்ல தீர்வு.

தம் குரல் தமக்குக் கேட்காத பாடகர் தம்மை அறியாமலே உரக்கப் பாடுவார். இது லொம்பார்ட் விளைவு எனப்படும். ஆடும்போது மூச்சும் குறைவதால் தொண்டை விரைவில் களைத்துவிடும். மானிட்டரில் குரல் தெளிவாகக் கேட்கச் செய்வது இதனால் இன்றியமையாதது. காதுக்குள் அணியும் மானிட்டரைப் பயன்படுத்தினால் மேடை இரைச்சலும் பின்னூட்டமும் குறையும். திடீரென எழும் உரத்த ஒலியிலிருந்து செவியைக் காக்க, அதில் ஒலி அளவை வரம்பிடும் வசதி இயக்கத்தில் இருக்க வேண்டும்.

வியர்வையும் பராமரிப்பும்

வியர்வை இக்கருவியின் பெரிய எதிரி. ஒரு துளி ஒலிவாங்கியின் நுண்துளையை அடைத்தால் உயர் அதிர்வெண்கள் மறைந்து, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். தண்டின் வழியே வியர்வை வழிந்து முனைக்குச் செல்லாமல், தண்டில் சிறிய ஒட்டுநாடாத் துண்டைச் சுற்றித் தடுப்பு அமைப்பது உண்டு. அனுப்பியை மெல்லிய ரப்பர் உறையிலோ ஈரம் புகாத பையிலோ இடுவர். நீண்ட நிகழ்ச்சிகளில் மாற்று ஒலிவாங்கி ஒன்றைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

நிகழ்ச்சி முடிந்ததும் சட்டத்தையும் தண்டையும் ஆல்கஹால் துடைப்பானால் துடைக்க வேண்டும். ஒலிவாங்கியின் துளையில் திரவம் படக் கூடாது. பலர் பகிர்ந்து அணியும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் பஞ்சு உறையை மாற்றுவது தோல் தொற்றுகளைத் தவிர்க்கும். வடத்தை இறுக்கிச் சுற்றாமல் பெரிய வளையங்களாகச் சுற்றி வைக்க வேண்டும். ஒலி விட்டுவிட்டு வருவதற்கு இணைப்பு முனையருகே வடத்தின் உள்ளே முறிந்த கம்பி அடிக்கடி காரணமாகிறது.

வரம்புகள்

எல்லாப் பாட்டுக்கும் இக்கருவி ஏற்றதன்று. ஒரே இடத்தில் அமர்ந்து பாடும் கருநாடக இசைக் கச்சேரியில் தாங்கி ஒலிவாங்கியே எளிது. பாடகர் முன்னும் பின்னும் அசைந்து குரலின் நுட்பங்களைக் காட்டவும் அது இடம் தருகிறது. பெரிய கிரீடமும் காது அணிகளும் முகம் நிறைய ஒப்பனையும் கொண்ட தெருக்கூத்து போன்ற கலைகளில் காதில் மாட்டும் சட்டத்துக்கு இடம் கிடைப்பது கடினம். வேடத்தின் தோற்றத்தையும் அது கெடுக்கும். அத்தகைய வேடங்களுக்கு, நெற்றியில் மயிரோரத்திலோ உடையிலோ மறைக்கப்படும் நுண் ஒலிவாங்கிகள் மாற்றாகக் கருதப்படுகின்றன. அவை வாயிலிருந்து கூடுதல் தொலைவில் இருப்பதால், ஊளையிடாமல் பெறக்கூடிய ஒலி அளவு குறைவாகவே இருக்கும்.