ஒரே சீரான விற்பனை, ஓயாமல் ஆடும் ஆலை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு வீட்டு உபயோகப் பொருள் ஆலைகள் இருந்தன. ஒரு சமயம் அவற்றில் மூன்று நான்கு ஷிப்டு வேலை நடக்கும். சில ஆண்டுகளில் பாதித் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சந்தை நிலவரம்தான் காரணம் என்று சொல்லிப் பார்த்தும் நிர்வாகிகளுக்கே மனம் ஒப்பவில்லை. 1950களின் பிற்பகுதியில் இந்தப் புதிர் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் காதுக்கு எட்டியது.

நெப்ராஸ்கா கால்நடைப் பண்ணையில் வளர்ந்த ஃபாரெஸ்டர், வேர்ல்விண்ட் கணினியை உருவாக்கிய பொறியாளர். ஆனால் இதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு நோட்டும் பென்சிலும்தான். கையிருப்பு, ஆட்கள், வந்த ஆர்டர்கள் எனப் பத்தி பிரித்தார். இந்த நிலையில் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பார்கள் என்று யோசித்து அடுத்த வாரத்தை எழுதினார். அதிலிருந்து அதற்கடுத்த வாரத்தை. வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும் ஆட்களின் எண்ணிக்கை ஏறி இறங்கியது! அலையைக் கிளப்பியது சந்தை அல்ல, ஆலையின் சொந்த விதிகளே. பகுதிகளைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று பிணைந்த முழுமையாகப் பார்க்கும் அமைப்புமுறைச் சிந்தனையின் முக்கியக் கிளையொன்று முளைத்தது அந்தத் தாளில்தான்.

இதை எவரும் விளையாடியே பார்க்கலாம். எம்.ஐ.டி.யில் பிறந்த ‘பீர் விளையாட்டில்’ சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர். ஒருவரோடொருவர் பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டுமே போகும். வாடிக்கையாளர் வாரம் 4 பெட்டி வாங்குகிறார்; ஐந்தாம் வாரம் அது 8 ஆகிறது, பிறகு கடைசிவரை 8தான். நடப்பது இவ்வளவே. ஆனால் ஆர்டர் போய்ச் சேரவும் சரக்கு வந்து சேரவும் வாரங்கள் ஆகின்றன. கையிருப்பு கரைவதைப் பார்த்துக் கடைக்காரர் கூடுதலாகக் கேட்கிறார். ஏற்கெனவே கேட்ட சரக்கு வழியில் வந்துகொண்டிருப்பதை மறந்து, மறுவாரம் இன்னும் கேட்கிறார். அடுத்தவர் அதையே விற்பனைப் பெருக்கம் என நம்பி மேலும் பெருக்குகிறார். ஆலையை எட்டும்போது ஆர்டர் 30 பெட்டியையும் தாண்டிவிடுகிறது. பிறகு சரக்கு மலையாகக் குவிய, ஆர்டர் பூஜ்யத்துக்கு விழுகிறது.

இந்த விளையாட்டை வைத்து ஆய்வாளர் ஜான் ஸ்டெர்மன் 1989இல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களின் செலவு சராசரியாகக் சாத்தியமான குறைந்தபட்சச் செலவின் பத்து மடங்கு. ஆட்டம் முடிந்ததும், வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார் என்று வரையச் சொன்னால் பெரும்பாலோர் அலையலையாக வரைகிறார்கள். தாங்களே கிளப்பிய அலை அது! எனக்கு இதுதான் பெரிய வியப்பு. இதில் யாரும் சோம்பேறியும் இல்லை, முட்டாளும் இல்லை. மேலாளரை மாற்றினால், புதியவரும் அதே நாற்காலியில் அமர்ந்து அதே குறைந்த தகவலை வைத்து அதே முடிவைத்தான் எடுப்பார். மாற்ற வேண்டியவை தகவல் போகும் பாதையும் காத்திருக்கும் காலமும்.

புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் இதே அலையைத் தன் பாம்பர்ஸ் டயப்பரில் கண்டது. குழந்தைகளுக்கு டயப்பர் செலவாவது ஒரே சீராக. மூலப்பொருள் ஆர்டர்களோ தாறுமாறாக ஆடின. 1980களின் இறுதியில் வால்மார்ட் தன் கடைகளின் விற்பனைக் கணக்கை அந்த நிறுவனத்தோடு பகிரத் தொடங்கியது. எவ்வளவு அனுப்புவது என்பதை அதைப் பார்த்து உற்பத்தியாளரே முடிவு செய்தார். நடுவில் இருந்த ஊகங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.