கையிலுள்ள கடிதமே முதற்பாடம்

பங்காருபேட்டைச் சந்திப்பில் வைகறைப் பொழுதில் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். மாரிக்குப்பத்திலிருந்து வரும் ரயில்வண்டி, கையில் உணவுப் பாத்திரமும் தோளில் பையுமாக நிற்கும் ஆடவரையும் பெண்டிரையும் சுமந்துகொண்டு பெங்களூரை நோக்கி விரைகின்றது. ஒரு காலத்தில் இவ்விருப்புப்பாதை வெளியூர்த் தொழிலாளரைத் தங்கச் சுரங்கத்துக்கு அழைத்து வந்தது. 1894-இல் சுரங்கங்களுக்கென்றே இடப்பட்ட கிளைப்பாதை அது. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உழைத்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று ஊருக்குள் பிழைப்பைக் கொணர்ந்த பாதை, இன்று பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுச் செல்லும் பாதையாகிவிட்டது.

அந்நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு நாள், அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். "சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். சுரங்கத்தில் பணிபுரிந்து மறைந்த கணவரின் பொருட்டு அவருக்கு வரும் ஓய்வூதியத்தைப் பற்றிய கடிதம் அது. குறிப்பிட்ட நாளுக்குள் ஆயுள் சான்று அளிக்க வேண்டும், அளிக்கத் தவறின் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும் என்று அதில் கண்டிருந்தது. அந்நாள் கடந்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன.

அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். என்னிடம் தமிழில் பேசினார். தேநீர் விற்பவரிடம் கன்னடத்தில் பேசினார். அருகிலிருந்த பெண்மணியிடம் தெலுங்கில் நலம் விசாரித்தார். மூன்று மொழிகளைத் தடையின்றிப் பேசும் ஒருவர், எந்த ஒரு மொழியையும் படிக்க இயலாதவராக இருந்தார். அலுவலகக் கடிதங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். எனக்கு அக்கடிதத்தின் ஒவ்வொரு தொடரும் பழக்கமானது. அதனாலேயே வெட்கமும் உண்டாயிற்று. "உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கொடுங்கள்" என்று ஒரு வரியில் முடியவேண்டிய செய்தி, அங்கே ஒரு பத்தியாக நீண்டிருந்தது.

நேயர்களே, முதியோர் கல்வியைப் புதுப்பிப்பது என்றால் என்ன என்பதை அக்கடிதத்தைக் கொண்டே ஆராய்வோம்.

நம் நாட்டில் இம்முயற்சி புதியதன்று. 1940-களிலேயே மைசூர் சமஸ்தானத்தில் வயது வந்தோர் கல்வி மன்றம் தோன்றியது. புதிதாக எழுத்தறிந்தோருக்கென்று, ஒளி எனப் பொருள்படும் 'பெளகு' என்ற இதழை அது நடத்தியது. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் 'சமூகக் கல்வி' ஓர் அங்கமாயிற்று. 1956-இல் மகாராஷ்டிரப் பகுதியின் 150 கிராமங்களில் வானொலி, கேட்போர் குழுக்களை அமைத்துப் பார்த்தது. கேட்டல், கூடி விவாதித்தல், பின்பு செயலில் இறங்குதல் என்பதே அதன் முறை. 1978-இல் தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கமும் எழுந்தன. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு புதுக்கோட்டையில் பரவிய அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்துடன் மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது.

இவற்றுள் மக்கள் நெஞ்சில் நின்றவை எவை என்று பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கற்பவரின் வாழ்க்கையில் அன்றே பயன்பட்ட கல்வியே நிலைத்தது. மிதிவண்டி அத்தகையது, தண்ணீர்க் குடமும் சந்தைச் சரக்கும் அதிலேறிப் பயணம் செய்தன. பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரெய்ரே என்னும் கல்வியாளர் 1963-இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு எழுத்தறிவிக்க முற்பட்டபோது, குழந்தைகளின் அரிச்சுவடியை ஒதுக்கிவிட்டார். அவர்கள் நாள்தோறும் கையாளும் 'செங்கல்' போன்ற சொற்களையே பாடமாக்கினார். ஏறத்தாழ 40 மணி நேரப் பயிற்சியில் அவர்கள் படிக்கவும் எழுதவும் தொடங்கினர்.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால், புதுப்பிக்கப்பட வேண்டியவை மூன்று எனத் தோன்றுகின்றது.

முதலாவது, பாடத்தின் பொருள். பெயரெழுதக் கற்று, பெருவிரல் ரேகைக்குப் பதிலாகக் கையொப்பமிட்டால் போதும் என்று எண்ணிய காலம் போயிற்று. புரியாத காகிதத்தில் இடப்படும் கையொப்பம், ரேகையைவிட உயர்ந்ததாகாது. இன்று ஏழையின் ஊதியம் வங்கிக் கணக்கில் சேர்கின்றது. செய்தி கைப்பேசியில் வருகின்றது. ஆயுள் சான்றைக்கூட 2014 முதல் மின்னணு முறையில் அளிக்கலாம். ஆதலின் தேதியைக் கண்டுபிடித்தல், தொகையைச் சரிபார்த்தல், விண்ணப்பத்தின் கட்டங்களை நிரப்புதல், கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைப் பிறரிடம் கூறாதிருத்தல் ஆகியவை இன்று அடிப்படைப் பாடங்கள். அம்மையாரின் கையிலிருந்த கடிதமே அவருக்கு முதற்பாடமாகத் தகும்.

இரண்டாவது, பாடத்தின் மொழி. வெளிமாநிலத் தமிழர் இதில் தனிக்கவனம் செலுத்துதல் வேண்டும். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டுமென்று 1956-இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகின்றது. ஆயின் அப்பிரிவு குழந்தைகளைப் பற்றியது; அவர்களுடைய பாட்டிமாரைப் பற்றியதன்று. தமிழையே படிக்க வேண்டுமா, கன்னடத்தையே படிக்க வேண்டுமா என்று வழக்கிடுவதால் பயனில்லை. வீட்டில் பேசும் மொழியில் எழுத்தை அறிந்தவர், வாழும் நாட்டின் எழுத்தை விரைவில் அறியலாம். தமிழிலும் கன்னடத்திலும் மெய்யோடு உயிர் கூடி உயிர்மெய்யாகும் முறை ஒன்றே. கன்னடத்தில் மிகுதியாக உள்ள எழுத்துகளின் ஒலிகளும், அம்மொழியை நாள்தோறும் பேசுகிறவருக்குப் புதியன அல்ல. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் கற்பிப்பதே எல்லைப்புற ஊர்களுக்கு ஏற்ற நெறியாகும். தமிழ் அவருக்கு நம்பிக்கையைத் தரும். கன்னடம் அலுவலகத்தின் கதவைத் திறக்கும்.

மூன்றாவது, பாடத்தின் நேரமும் இடமும். விடியுமுன் வண்டியேறி, இருட்டிய பின் வீடு திரும்புகிறவரிடம் மாலை வகுப்புக்கு வாருங்கள் என்பது, வராதீர்கள் என்பதற்கு ஒப்பாகும். ஞாயிறு முற்பகலில், வாழும் தெருவிலேயே, அறிமுகமான ஒருவர் கற்பிக்க வேண்டும். பயணத்தின்போது கேட்கத்தக்க ஒலிப்பாடங்களும் வேண்டும். கேட்டு, விவாதித்து, செய்துபார்க்கும் பழைய வானொலிக் குழுவின் முறை, கைப்பேசி யுகத்திலும் பொருந்துவதே. ரயில்வண்டியில் நாள்தோறும் ஒன்றாக அமரும் பத்துப் பேர் ஒரு குழுவாகக் கூடாதா?

இப்போதுள்ள அரசுத் திட்டம் இதற்கு இடமளிக்கின்றது. 2022 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுகளுக்கென வகுக்கப்பட்டு, 'உல்லாஸ்' என்று வழங்கும் புதிய இந்திய எழுத்தறிவுத் திட்டத்துக்கு ரூ.1,037.90 கோடி மதிப்பிடப்பட்டுள்ளது. ஐந்து கோடிப் பேருக்கு எழுத்தும் எண்ணும் அறிவிப்பது அதன் இலக்கு. 1978, 1988 ஆகிய ஆண்டுகளின் திட்டங்கள் 15 முதல் 35 வயது வரையுள்ளோரையே முதன்மையாகக் கருதின. இத்திட்டமோ 15 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவருக்கும் உரியது. எழுத்தறிவு, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அடிப்படைக் கல்வி, தொடர் கல்வி என அதற்கு ஐந்து அங்கங்கள் உண்டு. பணத்தைக் கையாளும் அறிவும் மின்னணுக் கருவிகளைக் கையாளும் அறிவும் வாழ்க்கைத் திறனில் அடங்கும். கற்றபின் படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றிலும் 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடத்திச் சான்றிதழ் அளிக்கின்றனர். 2024 ஜூனில் லடாக் முழு எழுத்தறிவு பெற்றதாக இத்திட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்டது. 2025-இல் மிசோரம், கோவா, திரிபுரா ஆகியவையும் அந்நிலையை எய்தின.

இத்திட்டத்தின் வலிமையும் பலவீனமும் ஒன்றே: கற்பிப்போர் ஊதியம் பெறாத தொண்டர்கள். தொண்டர் உள்ள தெருவில் விளக்கு எரியும். இல்லாத தெருவில் திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். அத்தொண்டர்கள் எங்கிருந்தோ வரவேண்டியவர்கள் அல்லர். கோலார் தங்கவயலின் வரலாறே இதற்குச் சான்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின்னர் 1920-களில் ஜி. அப்பாதுரையாரால் இந்தத் தங்கவயலிலிருந்தே வெளியிடப்பட்டது. பண்டிதரின் நூல்களை இங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த ஊர் அன்று தமிழுலகுக்கு நூல்களை வழங்கியது. அவ்வூரில் ஒரு மூதாட்டி தன் கடிதத்தைப் படிக்க வழிப்போக்கனைத் தேடும் நிலை நீடிக்கலாகாது.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. தங்கள் தெருவில் படிக்கவியலாத ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியில் விசாரித்தோ, உல்லாஸ் செயலியின் வாயிலாகவோ அவரைக் கற்பவராகவும் தங்களைக் கற்பிப்பவராகவும் பதிவு செய்யலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு எடுக்கும் மண்டபத்தை மற்ற ஞாயிறுகளில் வகுப்புக்கு வழங்கலாம். அலுவலகங்களில் இருக்கும் என்னைப் போன்றோர் செய்யவேண்டியதும் ஒன்றுண்டு: புதிதாகப் படிக்கக் கற்றவர் புரிந்துகொள்ளும் வகையில் கடிதம் எழுதுவது.

அந்த அம்மையாரிடம் நான் செய்தியைச் சொன்னேன். ஆயுள் சான்றை அளித்தால் நின்ற தொகை மீண்டும் கிடைக்கும் என்றும், எங்கே போகவேண்டும் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டியேறிய பின்னரே என் பிழை எனக்கு உறைத்தது. அந்தத் தாளையும் படித்துச் சொல்ல அவருக்கு இன்னொருவர் வேண்டுமல்லவா?