எலும்புக்கும் ஒட்டு உண்டு

மாவில் ஒட்டுக் கட்டுவதை நாம் அனைவரும் அறிவோம். நாட்டு மாங்கன்றின் தண்டோடு உயர்ந்த இனத்தின் கிளையைச் சேர்த்துக் கட்டினால், நாளடைவில் இரண்டும் ஒன்றாகிக் கனி தருகின்றன. கல்லைப் போன்று இறுகிக் கிடப்பதாக நாம் எண்ணும் எலும்பிலும் இவ்வாறு ஒட்டுக் கட்ட முடியும் என்றால் வியப்பாக இல்லையா? அதனை விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னால் இயன்ற அளவு எளிமையாக விளக்க முற்படுகிறேன்.

எலும்பு உயிரற்றதா?

ஆய்வுக்கூடத்து மூலையில் தொங்கும் எலும்புக்கூடு வெளுத்து உலர்ந்து போனது. அதையே பார்த்துப் பழகிய நாம் எலும்பு என்றால் உயிரற்ற பொருள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உயிருள்ள எலும்போ ஈரமானது, குருதி பாய்வது, வெட்டினால் இரத்தம் கசிவது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம், பாஸ்பேட் முதலிய தாதுக்கள். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத இழை. கான்கிரீட்டில் ஜல்லியும் கம்பியும் சேர்ந்து வலிமை தருவது போல், தாது கடினத்தையும் இழை நெகிழ்வையும் தருகின்றன.

இக்கட்டடத்தில் இரு வகை உயிரணுக்கள் ஓயாது பணி செய்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பவை பழைய எலும்பைக் கரைக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் என்பவை புதிய எலும்பைப் படைக்கின்றன. எலும்பு முறிந்தால் முதலில் அங்கே குருதி உறைகிறது. சில வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான பாலம் ஒன்று தோன்றுகிறது. பின்னர் அது எலும்பாக இறுகிப் பல மாதங்கள் செப்பனிடப்படுகிறது. தோலில் பட்ட ஆழமான காயம் தழும்பாகவே ஆறும். எலும்போ மீண்டும் எலும்பாகவே ஆறும். இது இயற்கை எலும்புக்கு அளித்த தனிச்சிறப்பு எனலாம்.

கூடாத முறிவு

அவ்வாறாயின் எல்லா முறிவுகளும் தாமே கூடிவிட வேண்டுமே! கூடுவதில்லை என்பதை என் அண்ணனின் காலில் கண்டேன். இருசக்கர வாகன விபத்தில் அவருடைய முன்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே முன்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். அங்கே தசைப் போர்வை இல்லை. ஆகவே குருதி வரத்தும் குறைவு. காயத்தில் தோல் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். வெற்றெலும்பின் மேல் வெறும் தோலை ஒட்டினால் அது பிடிக்காது. எனவே மருத்துவர்கள் முதலில் ஆடுசதைத் தசை ஒன்றை, அதன் குருதிக்குழாய் அறுபடாமல் திருப்பிக் கொணர்ந்து எலும்பை மூடினார்கள். அதன் மேல் தொடைத் தோலை ஒட்டினார்கள். புண் ஆறியது, ஆனால் ஒன்பது மாதங்கள் சென்றும் எலும்பு கூடவில்லை.

இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து முறிவில் வைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறியபோது, கையெழுத்திட என் அன்னையாருக்கு மனம் வரவில்லை. “ஒரு எலும்பு கெட்டது போதாதா டாக்டர்? நல்ல எலும்பையும் வெட்டணுமா?” என்று கேட்டார். இக்கேள்வி பல இல்லங்களில் எழுவது. அதற்குரிய விடையே எலும்பு ஒட்டின் தத்துவம்.

சாரமும் அழைப்போலையும்

வீடு கட்டச் சாரம் வேண்டும், கொத்தனார் வேண்டும், கொத்தனாரை வரவழைக்க ஆளும் அனுப்ப வேண்டும். ஒட்டு எலும்பு இம்மூன்று வேலைகளையும் செய்கிறது. அதன் துளைகள் புதிய குருதிக்குழாய்களும் உயிரணுக்களும் ஏறிவரச் சாரமாகின்றன. அதில் பிழைத்திருக்கும் உயிரணுக்கள் கொத்தனார்கள். அழைப்போலை எது? 1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசையினுள் வைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றக் கண்டார். எலும்பில் உறைந்துள்ள சில புரதங்களே அக்கம்பக்கத்து உயிரணுக்களை எலும்புப் பணிக்கு அழைக்கின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இங்கே மாவொட்டுக்கும் எலும்பொட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒட்டு மாவில் வைத்த கிளை அப்படியே வாழ்கிறது. எலும்பிலோ, வைத்த துண்டின் பெரும்பகுதி மெல்லக் கரைந்து, அவ்விடத்தில் உடல் தன் சொந்த எலும்பைக் கட்டிக்கொள்கிறது. இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் பஞ்சு போன்ற எலும்பு நிறைய உண்டு. அளவாக எடுத்தால் நடைக்கு ஊறில்லை. எடுத்த இடத்தில் சில வாரம் வலி இருக்கும். சிலருக்கு நெடுநாள் நீடிப்பதும் உண்டு. இவற்றை மருத்துவர் பொறுமையாக எடுத்துரைத்த பின்னரே அன்னையார் கையெழுத்திட்டார்.

வளர்ந்த வரலாறு

17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சு மருத்துவர் யோப் வான் மேக்கரென், ஒரு படைவீரனின் மண்டையோட்டுக் குறையை நாயின் எலும்பால் அடைத்ததாக ஒரு செய்தியை எழுதிவைத்தார். ஐயத்துக்கு இடமின்றி வழிகாட்டியவர் கிளாஸ்கோ நகரின் வில்லியம் மக்கீவன். நோயால் மேற்கை எலும்பை இழந்த ஒரு சிறுவனுக்கு, வளைந்த கால்களை நிமிர்த்தும்போது பிற நோயாளிகளிடமிருந்து நீக்கிய எலும்புத் துண்டுகளை வைத்து 1880-ஆம் ஆண்டையொட்டி அவர் கையை மீட்டுத் தந்தார்.

ஆனால் இடைவெளி சுமார் 6 சென்டிமீட்டருக்கு மேல் போனால், குருதியோட்டமற்ற ஒட்டு பெரும்பாலும் தோற்றுவிடும். 1975-இல் ஆஸ்திரேலியாவின் இயன் டெய்லர் குழுவினர் இதற்கு வழி கண்டதை வெளியிட்டனர். காலின் வெளிப்புறத்து மெல்லிய ஃபிபுலா எலும்பை அதன் தமனி, சிரையோடு எடுத்து, நுண்ணோக்கியின் துணையால் புதிய இடத்துக் குழாய்களோடு தைத்தனர். இந்த ஒட்டு பெரும்பாலும் இறப்பதில்லை. இதுவே உண்மையான ஒட்டுமா! 1989-இல் நியூயார்க்கின் டேவிட் ஹிடால்கோ இவ்வெலும்பைக் கொண்டே கீழ்த்தாடையை அமைக்கும் முறையை வெளியிட்டார். புகையிலையால் வாய்ப்புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில், தாடையை இழந்தவர் மீண்டும் மென்று உண்ணவும் பேசவும் இம்முறை துணை நிற்கிறது.

நாம் செய்ய வேண்டுவன

இடுப்பு மூட்டை மாற்றும்போது நீக்கப்படும் தொடையெலும்பின் தலையும் வீணன்று. கொடுப்பவர் இசைந்தால், சோதித்துத் தூய்மை செய்து எலும்பு வங்கியில் வைத்துப் பிறருக்குப் பயன்படுத்தலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988 முதல் திசு வங்கி ஒன்று இயங்கிவருகிறது. குருதிக் கொடை, கண் கொடை பற்றி நம் கல்லூரியில் பேசுகிறோம். எலும்பும் கொடையாகலாம் என்பதையும் பேசுவோம்.

இன்னொன்று: அறுவைக்கு முன் மருத்துவர் அண்ணனிடம் இட்ட கட்டளை பீடியை விடுவது. நிகோடின் குருதிக்குழாய்களைச் சுருக்கும். புகைப்பவரின் எலும்பு தாமதமாகவே கூடும். அவர் விட்டார். ஐந்து மாதங்களில் எக்ஸ்ரே படத்தில் முறிவுக் கோடு மங்கியது. இன்று கைத்தடியின்றிப் பட்டறைக்குச் செல்கிறார். நெடுநேரம் நின்றால் மட்டும் கால் வீங்குகிறது.

எத்துணை வல்ல மருத்துவரும் எலும்பை ஒட்டிவிடுவதில்லை; ஒட்டுவது உடலே. குருதி, சாரம், அசைவின்மை, காலம் ஆகிய நான்கையும் அதற்குத் தேடித் தருவதே மருத்துவக் கலை. அந்தக் காலத்தைப் பொறுத்திருப்பது நம் கடமையாகும்.