மூலதனத்தைக் காக்கும் நாம் மூலத்தைக் கவனிக்கிறோமா?

வியாபாரி வெளியே சொல்லத் தயங்கும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, வராத பாக்கி. மற்றொன்று, மூலம். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு பற்றியெல்லாம் கடை வாசலில் நின்று மணிக்கணக்கில் பேசுகிற நாம், மூலம் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறோம். வீட்டில்கூடச் சொல்வதில்லை. கல்லாவில் தலையணை போட்டு ஒருக்களித்து உட்கார்ந்து நாளைக் கடத்துகிறோம். வலி பொறுக்க முடியாமல் போனால், பஸ் நிலையச் சுவரில் "ஆபரேஷன் இல்லாமல் உடனடி குணம்" என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்துக் கிளம்புகிறோம். இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். ஆகவே இதைப் பற்றி இங்கே வெளிப்படையாகவே பேசுவோம்.

மூலம் என்பது என்ன?

ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதைப் பகுதிகள் எல்லோருக்கும் உண்டு. மலமும் வாயுவும் தானாகக் கசியாமல் இருக்க இவை துணை செய்கின்றன. நாள்பட்ட மலச்சிக்கலாலும் முக்குவதாலும் இவை வீங்கிக் கீழே இறங்குவதைத்தான் மூலம் என்கிறோம்.

உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இராது. மலம் கழிக்கும்போது சிவப்பாக ரத்தம் சொட்டும். வெளிமூலம் ஆசனவாயின் விளிம்பில் வருவது. அதில் ரத்தம் உறைந்துவிட்டால், ஒரே இரவில் நீலம் பாய்ந்த மொச்சைக் கொட்டை போல வீங்கி, உட்கார விடாமல் வலிக்கும். மலம் போகும்போது கத்தியால் கீறுவது போல வலித்து, பிறகும் நெடுநேரம் எரிந்தால், அது மூலமாக இல்லாமல் ஆசனவாய் வெடிப்பாக இருக்கலாம். அதற்குரிய மருந்து வேறு.

நமக்கு ஏன் வருகிறது?

விடியுமுன் மண்டிக்கு ஓட்டம். இரவு பத்து மணிக்குக் கடை அடைப்பு. மலம் கழிக்கும் உணர்வு வரும் நேரத்தில் எதிரே வாடிக்கையாளர் நிற்கிறார், அடக்கிக்கொள்கிறோம். அடக்க அடக்கக் குடல் நீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் இறுகுகிறது. கடையில் கழிப்பறை வசதி இல்லையென்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுகிறோம். பசித்தால் டீயும் வடையும். இடையிடையே மூச்சைப் பிடித்து மூட்டை தூக்குகிறோம். இப்படி வருவதை "உடம்புச் சூடு" என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். காரம்தான் காரணம் என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. ஆனால் புண் இருக்கும்போது காரம் எரிச்சலைக் கூட்டக்கூடும்.

வீட்டில் செய்யக்கூடியவை

அகலமான பேசினில் பொறுக்கக்கூடிய வெந்நீரை ஊற்றி, அதில் 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறையும், மலம் கழித்த பிறகும் இப்படிச் செய்தால் இறுக்கம் தளர்ந்து வலி குறையும். வீக்கம் புதிதாக இருந்தால் ஐஸைத் துணியில் சுற்றிச் சில நிமிடம் வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

இசப்கோல் உமியை ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி எடுத்து, ஒரு பெரிய தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடிக்கவும். தண்ணீர் குறைந்தால் அதுவே சிக்கலை உண்டாக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். வேறு சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவையோ மலச்சிக்கலையோ அதிகமாக்கும். இதய நோய்க்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்திவிடக் கூடாது. மரத்துப்போகச் செய்யும் களிம்புகள் தற்காலிக நிவாரணமே. ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. கழிப்பறையில் செய்தித்தாளும் செல்போனும் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் போகவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து தேவை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் பாலிஷ் செய்த அரிசியில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம்; முழுப் பச்சைப்பயறில் 17 கிராம்; முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம். ஊருக்கெல்லாம் இவற்றை எடை போட்டுக் கொடுக்கும் நாம், நம் தட்டில் வெள்ளைச் சோற்றை மட்டும் குவித்துக்கொள்கிறோம். காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் வடைக்குப் பதில் சுண்டல், சாப்பாட்டில் கீரை, இரவில் கொய்யா அல்லது வாழைப்பழம் என்று சிறிது சிறிதாக மாற்றிப் பார்க்கலாம். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

ரத்தம் வந்தாலே மூலம் என்று நாமே முடிவு கட்டுவதுதான் பெரிய ஆபத்து. மூலம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் மலக்குடல் புற்றுநோயிலும் இதே போல ரத்தம் வரும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். "பழைய மூலம்தானே" என்று விட்டுவிட்டால், ஆரம்பத்திலேயே குணப்படுத்தக்கூடிய நோய் முற்றிவிடும். ஆகவே முதல் முறை ரத்தம் வந்தாலும், ஒரு வார வீட்டு வைத்தியத்தில் குறையாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர்களும், எடை குறைகிறவர்களும், மலம் போகும் வழக்கம் மாறியவர்களும் சிறிதும் தாமதிக்கக் கூடாது. அதிக ரத்தம், கறுத்த மலம், மயக்கம், காய்ச்சலுடன் வலி, வெளியே வந்த மூலம் உள்ளே போகாமல் கடுமையாக வலிப்பது, சிறுநீர் பிரியாமை ஆகியவை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ரத்தம் உறைந்த வெளிமூலத்துக்கு நாள் கணக்கு முக்கியம். முதல் மூன்று நாளுக்குள் போனால் சிறு அறுவை மூலம் வலியிலிருந்து விரைவில் விடுபடலாம். அதன் பிறகு வலி பெரும்பாலும் தானாகவே குறையத் தொடங்கும்.

பரிசோதனையைப் பற்றிப் பயம் வேண்டாம். விரலாலும் சிறு குழாய்க் கருவியாலும் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். தேவைப்பட்டால் குடலைக் கேமரா வைத்துப் பார்ப்பார்கள். உள்மூலத்துக்கு ரப்பர் வளையம் மாட்டும் சிகிச்சை உண்டு. 1963-இல் பாரன் என்ற டாக்டர் செம்மைப்படுத்திய முறை இது. படுக்கையில் சேர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. வளையம் மாட்டிய மூலம் ரத்த ஓட்டம் நின்று சில நாளில் உதிர்ந்துவிடும். முற்றிய மூலத்துக்கு, லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகன், மார்கன் ஆகியோர் 1937-இல் விவரித்த அறுவை முறை இன்றும் செய்யப்படுகிறது. இதில் ஆறுவதற்குச் சில வாரம் பிடிக்கும். ஸ்டேப்ளர், லேசர் முறைகளும் வந்துள்ளன. ஸ்டேப்ளரில் ஆரம்ப வலி குறைவு. ஆனால் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சித்த மருத்துவம் பார்ப்பதானால் முறைப்படி படித்துப் பதிவு பெற்றவரிடமே பாருங்கள். யாரென்று தெரியாதவர் போடும் ஊசியாலும் காரமருந்தாலும் ஆசனவாய் வெந்து, சுருங்கி, மலத்தை அடக்க முடியாத நிலையும் வரலாம்.

நம் கடைப் பையன்களுக்கும் இதே உடம்புதான். அவர்கள் பாத்ரூம் போய்வர ஐந்து நிமிடம் கொடுப்பதில் வியாபாரம் கெட்டுவிடாது. கழிப்பறை இல்லாத கடைகள் பக்கத்துக் கடையோடு சேர்ந்தாவது ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஸ்டாக் எடுப்பதற்கு ஒருநாள் கடையை மூடும் நாம், நம் உடம்பைக் காட்டி வர அரை நாள் ஒதுக்கக் கூடாதா? ரத்தம் கண்டவர்கள் இந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.